கொழுந்துச் சாக்கு ஏன் சூடாகிறது?

பறித்த தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் இறுக்கி அடைத்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வைத்துவிட்டு, லொறி வரப் பிந்தினால், சாக்கின் நடுவில் சூடேறிவிடும். கையை உள்ளே விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயில் எட்டிப் பார்க்காத, பனி மூடிய நாளிலும் இது நடக்கும். இன்னும் பிந்தினால் கொழுந்து சிவந்துபோய், பெக்டரிக்குப் போகும் முன்பே தரம் கெட்டுவிடும்.

இந்தச் சூடு வெளியிலிருந்து வருவதில்லை. செடியை விட்டுப் பிரிந்த பிறகும் கொழுந்து பல மணி நேரம் உயிரோடுதான் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கலமும் சுவாசிக்கிறது. தன்னிடம் உள்ள சீனியை ஒட்சிசனோடு சேர்த்து உடைக்கிறது. காபனீரொட்சைட்டும் நீரும் வெப்பமும் வெளியாகின்றன. செடியில் இருந்தபோது வெளிச்சம் பட்டால் புதுச் சீனி செய்துகொண்டது. சாக்குக்குள் வெளிச்சம் இல்லை; செலவு மட்டும்தான். காற்றாட விரித்துப் போட்டால் வெப்பம் கலைந்துவிடும். இறுகக் கட்டினால் வெப்பம் தேங்கும், அது கூடக் கூடச் சுவாசமும் வேகமாகும், அதனால் இன்னும் வெப்பம். இலை கசங்கியும் இருந்தால் கலங்கள் உடைந்து, தேயிலையைக் கறுப்பாக்கும் ஒட்சியேற்றம் சாக்கிலேயே தொடங்கிவிடும். கொழுந்தை அமுக்கி அடைக்காதே என்று தோட்டத்து வேலையைப் பார்க்கும் கணக்கப்பிள்ளை சத்தம் போடுவது இதனால்தான்.

அந்தக் கொழுந்தைப் பறித்த கையின் தசையிலும் நடப்பது இதே வேலை. இலையிலும் மனிதரிலும் இந்த ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றே என்பது எனக்கு இன்றுவரை அலுக்காத வியப்பு.

காலையில் தின்ற கோதுமை மா ரொட்டியின் மாப்பொருள் குடலில் குளுக்கோசாக உடைந்து, இரத்தத்தோடு தசைக்கலத்துக்கு வருகிறது. குளுக்கோசை நெருப்பில் போட்டாலும் கிடைப்பது அதே காபனீரொட்சைட்டும் நீரும்தான். ஆனால் சக்தி முழுவதும் ஒரேயடியாக வெப்பமாகப் போய்விடும். கலம் அதைப் படிப்படியாகச் செய்கிறது. முதலில், ஆறு காபன் கொண்ட குளுக்கோசு, மூன்று காபன் கொண்ட இரண்டு பைருவேற்றுகளாகப் பிளக்கப்படுகிறது. இதற்கு ஒட்சிசன் தேவையில்லை. மிஞ்சுவது ஏ.டி.பி. என்ற, சக்தியைச் சுமக்கும் 2 மூலக்கூறுகள். தசை சுருங்கவும் நரம்பு வேலை செய்யவும் கலம் நேரடியாகச் செலவிடுவது இந்த ஏ.டி.பி.யைத்தான்.

பிறகு பைருவேற்று, கலத்துக்குள் சக்தி உண்டாக்கும் சிறு உறுப்பான இழைமணிக்குள் போகிறது. அங்கே, உயிர் இரசாயன அறிஞர் ஹான்ஸ் கிரெப்ஸ் 1937 இல் வெளிப்படுத்திய இரசாயனத் தாக்க வட்டம் வழியாகக் காபன்கள் கழன்று காபனீரொட்சைட்டாகின்றன. நாம் விடும் மூச்சில் இருப்பது தின்ற ரொட்டியின் காபன். உள்ளிழுத்த ஒட்சிசன் அதில் சேர்வதில்லை. அது கடைசியில் நீராகிறது.

இப்படி உடையும்போது சீனியிலிருந்து இலத்திரன்களும் கழல்கின்றன. அவை எப்படி ஏ.டி.பி.யை உண்டாக்குகின்றன என்பது நெடுநாள் புதிர். இடையில் ஏதோ ஓர் இரசாயனப் பொருள் இருக்க வேண்டும் என்று எண்ணிப் பலரும் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பொருள் தேவையே இல்லை என்றார் பிரித்தானிய உயிர் இரசாயன அறிஞர் பீற்றர் மிச்சல், 1961 இல். பல ஆண்டுகள் எதிர்ப்பைச் சந்தித்த அவருக்கு 1978 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னதை மலையகத்தில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்தக் காசல்ரீ நீர்த்தேக்கம் போதும். உயரத்தில் தேங்கிய நீர் இறங்கிப் போய் விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. இழைமணியின் உள்மென்சவ்வுதான் இங்கே அணைக்கட்டு. இலத்திரன்கள் ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறும்போது விடுபடும் சக்தி, புரோத்தன்களை (ஐதரசன் அயன்களை) மென்சவ்வுக்கு அப்பால் தள்ளித் தேக்குகிறது. அணைக்கு மழை நீர் தரும். இங்கே ஒவ்வொரு கணமும் இறைத்தாக வேண்டும். மென்சவ்வின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு என்பதால், அதன் குறுக்கே உள்ள மின்புலம் மீற்றருக்கு ஏறக்குறைய 3 கோடி வோல்ற்று. தேங்கிய புரோத்தன்கள் திரும்பி வரும் முக்கிய வழி ஏ.டி.பி. செய்யும் நொதியம். அது உண்மையாகவே சுழல்கிறது. 1997 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நுணுக்குக்காட்டியில் அதைக் கண்ணால் கண்டார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 3 ஏ.டி.பி.

இப்படி ஒரு குளுக்கோசிலிருந்து மொத்தம் 30 முதல் 32 ஏ.டி.பி. வரை கிடைக்கிறது. உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.டி.பி. சில பத்து கிராம்தான். அதையே திரும்பத் திரும்பப் புதுப்பித்து, ஒரு நாளில் ஏறக்குறைய நம் உடல் எடையளவு ஏ.டி.பி.யைச் செய்து செலவழிக்கிறோம்.

இதில் இரும்பின் பங்கை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒட்சிசனைத் தசைக்குக் கொண்டு போகும் ஈமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. இலத்திரன்கள் கைமாறும் புரதங்கள் பலவற்றின் நடுவிலும் இரும்புதான் உட்கார்ந்திருக்கிறது. அது குறைந்தால் ஒட்சிசனும் போதாது, இலத்திரன்கள் கைமாறும் புரதச் சங்கிலியும் தளரும். அப்போது தசை அந்த 2 ஏ.டி.பி. தரும் முதல் படியை நம்பி ஓட வேண்டியிருக்கும். பைருவேற்று லக்டேற்றாகக் குவியும். ஏற்றத்தில் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு 1979 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளியானது. இரும்பு கொடுத்து ஈமோகுளோபின் கூடியபோது தொழிலாளர்கள் பறித்த கொழுந்தின் நிறையும் கூடியது. இரத்தச்சோகை கடுமையாக இருந்தவர்களிடம் இது நன்றாகத் தெரிந்தது. நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்று எழுதும் இடத்தில், அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்று ஏசும் இடத்தில், இந்த ஆய்வு பேசப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு மனம் இருக்கிறது, இழைமணிக்கு இரும்பில்லை.

நாம் பறிக்கும் தேயிலையே இதில் குறுக்கே நிற்கிறது என்பது வருத்தமான உண்மை. தேத்தண்ணியில் உள்ள தனின் வகைப் பொருட்கள் கீரை, பருப்பு, ரொட்டி ஆகியவற்றின் இரும்பைக் குடலிலேயே பிடித்துவைத்து, உடம்பில் சேராமல் பெருமளவு தடுத்துவிடுகின்றன. ரொட்டியோடு சாயத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தாலே பலன் உண்டு. கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால், சாப்பாட்டோடு ஒரு கொய்யா சேர்ந்தால், விற்றமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும். கிளினிக்கில் தரும் இரும்பு வில்லையையும் தேத்தண்ணியோடு போடாமல் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். கல்சியம் வில்லையை அதே நேரத்தில் சேர்த்துப் போடக் கூடாது, அதுவும் இரும்பைத் தடுக்கும்.