தெரு அழகாகும்போது வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்

மலேசியாவின் பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து, அரசு செலவில் தெருக்கள் மெருகேறிக்கொண்டே இருக்கின்றன. 2012-இல் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் பக்கம் சுவரோவியங்கள் வந்தன. அப்புறம் கேமராவும் கையுமாக வரும் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், மார்க்கெட் ஸ்ட்ரீட் துணிக்கடைகள் எல்லாம் அந்தப் பாரம்பரிய எல்லைக்குள்தான். வியாபாரிகளுக்குச் சந்தோஷம். ஆனால் நில, வாடகை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞரான என்னிடம் வருபவர்களில் பலர், கடையைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கியவர்கள்.

இதன் வேர் பழையது. 1948-க்கு முன் கட்டிய கடைவீடுகளின் (கீழே கடை, மேலே வீடு) வாடகையை 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. 1999 முடிவோடு அந்தக் காப்பு போய்விட்டது. அப்பா காலத்து வாய்ப்பேச்சு ஒப்பந்தம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அதே கடைவீட்டைத் தங்கும் விடுதியாகவோ காபிக் கடையாகவோ மாற்ற நினைப்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன?

பூ வியாபாரி ஒருவர் பிளாஸ்டிக் பை நிறைய வாடகை ரசீதுகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். கார்பன் தாளின் நீலம் மங்கிப்போன ரசீதுகள். ஒவ்வொன்றிலும் மாதமும் தொகையும் இருந்தன. எத்தனை வருடத்துக்கு வாடகை என்பது எதிலும் இல்லை. பழைய சொந்தக்காரர் இறந்து, பிள்ளைகள் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். “அப்பா காலத்துல இருந்து இங்கதான் சார் இருக்கோம்” என்றார். சட்டத்தின் கண்ணில் அவர் மாத வாடகைக்காரர், அவ்வளவுதான்.

மூன்று வருடம் வரையிலான வாடகையைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, வாய்மொழியாகக்கூட இருக்கலாம். பலர் இதைச் சலுகை என்று நினைக்கிறார்கள். எனக்கு இது பொறியாகத்தான் தெரிகிறது. தேசிய நிலச் சட்டத்தின் 213-ஆம் பிரிவின்படி, பட்டாவில் குறிப்பு ஏற்றாத இத்தகைய வாடகை, கட்டடம் கைமாறினால் பொதுவாகப் புதிய சொந்தக்காரரைக் கட்டுப்படுத்தாது. குறிப்பை ஏற்ற 316-ஆம் பிரிவின் கீழ் நில அலுவலகத்தில் மனுச் செய்யலாம். விற்பனை பதிவாகுமுன் அது ஏறியிருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் என்றால் அது குத்தகை. பதிவு செய்தே ஆகவேண்டும். எழுதிய ஒப்பந்தத்துக்குக் கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டிவிடுங்கள். இல்லையென்றால், கோர்ட்டுக்குப் போகும்போது முதல் கேள்வியே அதுதான்.

மேம்பாட்டுக்காக அரசே நிலத்தை எடுத்துக்கொண்டால்? 1960-ஆம் ஆண்டு நிலக் கையகச் சட்டம் இழப்பீடு கோரக்கூடியவர்களை வரையறுக்கும்போது, சொந்தக்காரர் நினைத்தால் காலிசெய்ய வைக்கக்கூடிய நிலையில் இருக்கும் வாடகைக்காரரை வெளியே நிறுத்திவிடுகிறது. அங்கேயும் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் எழுதும்போது வாடகைத் தொகையைப் பற்றி மட்டும் பேரம் பேசாதீர்கள். பழுதுபார்ப்பு யார் செலவு? பாரம்பரியப் பகுதியில் சிமெண்டைப் பூசிவிட்டு முடித்துவிட முடியாது. பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, கூரைக்கு அதே வகை ஓடு என்று செலவு ஏறும். பழுதுபார்க்கக் கடையை மூடும் மாதங்களுக்கு வாடகை உண்டா, வேலை முடிந்ததும் அதே கடை உங்களுக்கே திரும்புமா, அப்போது வாடகை என்ன என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.