வானத்தைப் பார்த்தபடி நின்ற ஆன்டெனா

எங்களுடைய முதல் ஆன்டெனா டிராக்கர் என் அக்கா மகன். வயது பன்னிரண்டு. சாயல்குடிக்குத் தெற்கே, உப்பளப் பாத்திகள் முடிந்து கடற்கரை மணல் தொடங்கும் இடத்தில் அவனை நிறுத்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டு ஆன்டெனாவைக் கையில் கொடுத்து, "விமானம் போற பக்கமெல்லாம் இதைத் திருப்பிக்கிட்டே இரு" என்றேன். கூலி ஒரு பன்னீர் சோடா. பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் வளையிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. பையன் நண்டைப் பார்த்தான், ஆன்டெனாவும் நண்டைப் பார்த்தது, என் திரையில் பொலபொலவென்று வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. ராமநாதபுரத்தில் பனி பொழிவது இப்படித்தான்.

விமானம் என்றால் ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம். ஃபோம் போர்டில் வெட்டி ஒட்டியது, இறக்கை இரண்டு மீட்டர் நீளம். மூக்கில் ஒரு சின்னக் கேமரா. அது பார்ப்பதை 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தரைக்கு அனுப்ப ஒரு டிரான்ஸ்மிட்டர். சக்தி வெறும் 25 மில்லிவாட். அதன் தலையில் காளான் போல ஒரு குட்டி ஆன்டெனா இருக்கும். அந்தக் காளான் ஏறக்குறைய எல்லாத் திசைக்கும் அலையைத் தூவும். விமானம் எப்படிப் புரண்டாலும் தரைக்குக் கொஞ்சமாவது வந்து சேர வேண்டுமே, அதற்காக.

தரையில் இருப்பவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கு நாலாபுறமும் வெளிச்சம் தரும், ஆனால் தூரம் எட்டாது. அதே வெளிச்சத்தை டார்ச்சுக்குள் குவித்தால் தூரத்துப் படகு தெரியும், ஆனால் காட்டுகிற பக்கம் மட்டும்தான். வாங்கும் ஆன்டெனாவுக்கும் இதே கணக்கு. சாதாரணக் குச்சி ஆன்டெனாவின் ஆதாயம், அதாவது ஒரு பக்கமாகக் குவிக்கும் திறன், 2 டெசிபல் என்றால், என் தகட்டுக்கு 14. வித்தியாசம் 12 டெசிபல், அதாவது 16 மடங்கு சக்தி. தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் சக்தி கால்பங்காகக் குறையும் என்பதால், 16 மடங்கு சக்தி நான்கு மடங்கு தூரத்தைத் தரும். டிரான்ஸ்மிட்டரைத் தொடவே வேண்டாம்.

இதற்கு விலை கோணம். அந்தத் தகடு நன்றாகப் பார்ப்பது சுமார் 35 டிகிரி அகலத்துக்குள் மட்டும்தான். நண்டுப் பக்கம் திரும்பினால் கதை முடிந்தது. ஆகவே விமானத்தை விடாமல் பார்த்துக்கொண்டே திரும்ப யாராவது வேண்டும். அக்கா மகனுக்குப் பதிலாக சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் இரண்டு சர்வோ மோட்டாரும் நூறு வரி புரோகிராமும் போதும் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

விமானம் எங்கே இருக்கிறது என்று டிராக்கருக்கு எப்படித் தெரியும்? விமானத்தில் ஜி.பி.எஸ். இருக்கிறது. அது சொல்லும் அட்சம், தீர்க்கம், உயரம் மூன்றையும் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இன்னொரு சின்ன ரேடியோ தரைக்கு அனுப்புகிறது. படத்தை வாங்கத்தானே ஆன்டெனாவைத் திருப்புகிறோம், அந்தத் தகவலே வராமல் போனால் என்ன செய்வது என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் படம் என்பது அகலமான சாலை கேட்கும் லாரி, இடத்தகவல் ஒற்றையடிப் பாதையில் போகும் சைக்கிள். நொடிக்குச் சில எண்களை மட்டும் சுமப்பதாலும், அலைநீளம் கிட்டத்தட்ட ஏழு மடங்கு பெரியது என்பதாலும், படம் செத்துப்போகும் தூரத்தைத் தாண்டியும் அது சாதாரணக் குச்சியிலேயே வந்துவிடும்.

கணக்கு பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான். ஒரு டிகிரி அட்சம் என்பது சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கத்துக்கு அதை அட்சத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். நாம் இருப்பது 9 டிகிரிச் சொச்சம், கொசைன் 0.987. டெல்லிக்காரர் 0.88 போட வேண்டியிருக்கும், நாம் மறந்தேபோனாலும் பெரிய மோசம் வராது. விமானம் நம்மை விட 0.006 டிகிரி வடக்கே, 0.004 டிகிரி கிழக்கே இருக்கிறது என்று வையுங்கள். 666 மீட்டர் வடக்கு, 438 மீட்டர் கிழக்கு. தூரம் பிதாகரஸ் சொல்வார், சுமார் 800 மீட்டர். வடக்கிலிருந்து கிழக்காக 33 டிகிரி திரும்ப வேண்டும். உயரம் 60 மீட்டர் என்றால் 4 டிகிரிச் சொச்சம் நிமிர வேண்டும். முடிந்தது. இந்தத் தூரத்துக்குப் பூமி உருண்டை என்பதையே மறந்துவிடலாம்.

நான் மறக்கவில்லை, அதுதான் வம்பு. பெரிய மனது பண்ணி, பூமியைக் கோளமாகவே வைத்து, இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள கோணத்தின் கொசைனைக் கண்டுபிடித்து, அதைத் திருப்பிப் போட்டுத் தூரம் எடுக்கும் சூத்திரத்தை எழுதினேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் பிரமாதமாக வேலை செய்தது. கடற்கரையில் விமானம் ஏறியது, போனது, ஆன்டெனா விருட்டென்று நிமிர்ந்து உச்சி வானத்தைப் பார்த்து நின்றுவிட்டது. விமானம் எந்தப் பக்கம் போனாலும் அசையவில்லை. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பலகையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "என்ன தம்பி, மழைக்கு வேண்டுதலா?" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு எண்ணாக அச்சடித்துப் பார்த்தபோது புரிந்தது. பூமியின் ஆரத்தோடு ஒப்பிட்டால் 800 மீட்டர் ஒன்றுமே இல்லை. அந்தச் சிறு கோணத்தின் கொசைன் 0.999999992. நான் போட்டிருந்தது சாதாரண ஆர்டுயினோ நானோ, விரல் நீளத்தில் ஒரு குட்டிக் கணினிப் பலகை. அதில் தசம எண்ணுக்கு ஒதுக்கியிருப்பது 4 பைட், ஏழு இலக்கம் வரைதான் நம்பலாம். கூடுதல் துல்லியம் கேட்டு 'டபுள்' என்று எழுதினாலும் அதற்கு அதே 4 பைட்தான். ஆகவே அது அந்த எண்ணை 1 என்று எடுத்துக்கொண்டது. கொசைன் 1 என்றால் தூரம் பூஜ்யம். தூரம் பூஜ்யம், உயரம் 60 மீட்டர் என்றால் விமானம் தலைக்கு நேர்மேலே இருக்கிறது என்று பொருள். ஆன்டெனா சொன்னபடிதான் செய்தது. சூத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அட்ச தீர்க்கத்தைக் கோடியால் பெருக்கிய முழு எண்களாகவே வைத்து முதலில் கழித்து, பிறகு மீட்டராக மாற்றினேன். ரேடியோவில் வருவதும் முழு எண்ணாகத்தான், நான்தான் நடுவில் புகுந்து கெடுத்திருக்கிறேன்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதில்தான் பலர் வீணாகப் பணத்தைக் கொட்டுகிறார்கள். விமானம் நொடிக்கு 15 மீட்டர் போகிறது. 20 மீட்டர் தள்ளி நம்மைக் கடந்தால் ஆன்டெனா நொடிக்கு 43 டிகிரி திரும்ப வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளி அதே வேகத்தில் கடந்தால் ஒரு டிகிரி கூட வேண்டாம். ஜி.பி.எஸ். மூன்று மீட்டர் பிசகினால் 20 மீட்டரில் அது எட்டரை டிகிரித் தவறு, ஒரு கிலோமீட்டரில் கண்ணுக்கே தெரியாது. அதாவது குறிபார்ப்பது கஷ்டமாக இருக்கும் இடத்தில் சிக்னல் ஏராளம், எங்கே பார்த்தாலும் படம் வரும். சிக்னல் மெலிந்த தூரத்தில் குறிபார்ப்பது சுலபம். 35 டிகிரி அகலத்தில் ஐந்து டிகிரி பிசகு ஒரு பொருட்டே இல்லை. உலோகப் பல்சக்கரம் வைத்த சாதாரண சர்வோ இரண்டு தாராளமாகப் போதும். நான் மூன்று டிகிரிக்குக் குறைவான மாற்றத்துக்கு அசையவே வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் சர்வோ நாளெல்லாம் கிர்கிர் என்று நடுங்கிச் சூடாகும்.

ஆனால் ஒரு பிசகுக்கு மன்னிப்பே கிடையாது. வடக்கு எது என்பதை ஆரம்பத்தில் தவறாகச் சொல்லிவிட்டால், அது தூரம் கூடக்கூடச் சரியாகிவிடாது, கடைசிவரை கூடவே வரும். முதலில் திசைகாட்டி வேலை செய்யும் காந்தமானிச் சில்லு ஒன்றை வைத்தேன். நம் ஊருக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டியே போகிறது. வடக்கே போகப்போகப் பூமியின் காந்தப் புலம் தரைக்குள் சாய்ந்து குத்தும், இங்கே கிட்டத்தட்டப் படுக்கையாகவே ஓடுகிறது. அதனால் முக்காலி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் காந்தமானி பெரிதாகத் தடுமாறாது. ஐரோப்பாவில் செய்பவர்கள் இதற்கென்று தனியாக ஒரு திருத்தம் எழுதியாக வேண்டும். இவ்வளவு வசதி இருந்தும் நான் அதைச் சர்வோவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தைத்தான் அது வடக்கு என்று காட்டியது.

இப்போது காந்தமானியே இல்லை. தூரத்தில் ஒரு செல்போன் டவர் தெரிகிறது, சுமார் இரண்டு கிலோமீட்டர். அதன் அட்ச தீர்க்கத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். முக்காலியை நட்டதும் ஆன்டெனாவை ஒரு பி.வி.சி. குழாய் வழியாகப் பார்த்து டவரை நோக்கி வைத்துப் பொத்தானை அழுத்துவேன். அந்தத் திசை எத்தனை டிகிரி என்று கணக்குக்குத் தெரியும். பத்து மீட்டர் பிசகியிருந்தாலும் தவறு கால் டிகிரிச் சொச்சம்தான்.

மற்றபடி கட்டுமானம் சுருக்கமானது. அடியில் பேரிங் வைத்த பி.வி.சி. தண்டு, அதைத் திருப்ப ஒரு சர்வோ, மேலே நிமிர்த்த ஒன்று. சர்வோக்கள் இரண்டும் சேர்ந்து இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து ஆர்டுயினோ மயங்கிவிழும், 1000 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று குறுக்கே போட்டால் சரி. சர்வோ அரைவட்டம்தான் திரும்பும் என்பது எனக்குக் குறையே இல்லை. முதுகுப் பக்கம் தெற்கே கடல். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் இந்தக் கரையோரத்தில்தான் வரிசையாக இருக்கின்றன, அந்தப் பக்கம் விமானத்தை விடுவதே இல்லை. மேற்கிலிருந்து வடக்கு வழியாகக் கிழக்கு வரை பார்த்தால் போதும். முழுவட்டம் வேண்டுமென்றால் ஒயர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வழுக்கு வளையம் வாங்க வேண்டும், உப்புக் காற்றில் அது எத்தனை நாள் தாங்குமோ. இங்கே இரும்புத் திருகாணி ஒரு மாதத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். சர்க்யூட் போர்டுக்கு நகப்பூச்சு, பேரிங்குக்குக் கிரீஸ், வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைப்பது, இதெல்லாம் சடங்கு மாதிரி.

எங்கே பறக்கலாம் என்பதும் முக்கியம். உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளம் இருக்கிறது, பெயரே ஐ.என்.எஸ். பருந்து. அந்தப் பக்கம் போய் நம் ஃபோம் பறவையை ஏவக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. டிரோன்களுக்காக அரசு வைத்திருக்கும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையிலும் 120 மீட்டர் உயரம்தான் எல்லை. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான் பறக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் விமானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டிராக்கர் வைத்திருப்பது அந்தத் தூரத்துக்குள் படம் உடையாமல் வரத்தான்.

எல்லாம் சரியாகி, ஒரு தை மாதக் காலையில் மறுபடி பறக்க விட்டேன். ஆன்டெனா அழகாக விமானத்தையே பார்த்துத் திரும்பியது. ஆனாலும் நேராக வடக்கே போகும்போது குறிப்பிட்ட சில தூரங்களில் படம் ஒரு கணம் செத்துச் செத்துப் பிழைத்தது. மழைநீர் வடியாத பாத்திகள் கண்ணாடி மாதிரி கிடந்தன. குற்றவாளி அதுதான். விமானத்திலிருந்து ஓர் அலை நேராக வருகிறது, இன்னொன்று உப்புத் தண்ணீரில் பட்டுத் தெறித்து வருகிறது. தெறிக்கும்போது அலை தலைகீழாகிவிடும். இரண்டும் வரும் வழிகளின் நீள வித்தியாசம் ஒரு முழு அலைநீளமாக, அதாவது 5.2 சென்டிமீட்டராக இருந்தால், அல்லது அதன் மடங்காக இருந்தால், ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ஆன்டெனா 2 மீட்டர், விமானம் 60 மீட்டர் உயரம் என்றால், சிக்னல் விழுந்துபோகும் இந்தப் பள்ளங்கள் 660, 770, 930 மீட்டர் பக்கம் வரும். நான் பார்த்ததும் ஏறக்குறைய இதே இடங்களில்தான்.

திருகுபோலச் சுழன்று வரும் அலையைப் பயன்படுத்தினால், தெறித்த அலை எதிர்ப்பக்கமாகச் சுழலும், ஆன்டெனா அதை ஒதுக்கிவிடும் என்பார்கள். உண்மைதான், என் காளானும் தகடும் அந்த வகைதான். ஆனால் தண்ணீரை உரசியபடி நாலைந்து டிகிரியில் வரும் அலைக்கு அந்த வித்தை சரியாகப் பலிப்பதில்லை. வேறு வழி பார்த்தேன். புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்து, விமானம் தாழ்வாகத் தெரியும்போதெல்லாம் அதைவிடப் பத்து டிகிரி மேலே பார்க்கச் சொன்னேன். நேர் அலையில் ஒரு டெசிபல் போகிறது, தெறித்த அலையில் மூன்று. பள்ளம் மறையவில்லை, ஆழம் குறைந்தது, படம் நடுங்கினாலும் சாகவில்லை. பத்து மணிக்கு மேல் காற்று எழும்பினால் தொல்லை இன்னும் குறையும் என்று நினைத்திருந்தேன், குறையவில்லை. கண்ணாடி உடைய எட்டு சென்டிமீட்டராவது அலை வேண்டும், பாத்தித் தண்ணீரில் அது எங்கே எழும்பும்?

அக்கா மகனுக்கு வேலை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வெயிலில் திரை தெரிவதில்லை என்பதால் குடை பிடிக்கிறான். கூலி இப்போது இரண்டு பன்னீர் சோடா.