மிருதங்கம் சுருதி சேர்வது எப்படி?

மார்கழி சீசனில் சபா சபாவாக ஏறி இறங்குபவர்களில் பலர், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்காக எழுந்து கேன்டீன் பக்கம் போய்விடுகிறார்கள். கையைப் பிடித்து உட்கார வைக்கலாமா என்று எனக்குத் தோன்றும். பாட்டும் வயலினும் ஓய்ந்து மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான், பெரும்பாலான தோல் வாத்தியங்களால் முடியாத ஒரு காரியத்தை அது செய்வது தெளிவாகக் கேட்கும். தாளத்தோடு நிற்காமல் அது தம்புராவின் சுருதியோடும் சேர்ந்து ஒலிக்கிறது.

இது ஏன் அரிது? வட்டமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் அது பல விதமாக ஒரே நேரத்தில் அதிரும். தோல் முழுவதும் சேர்ந்து மேலும் கீழும் போவது அடிப்படை அதிர்வு. ஒரு பாதி எழும்போது மறு பாதி இறங்குவது இரண்டாவது. அப்புறம் நாலு துண்டாக, வளையம் வளையமாக என்று இன்னும் பல. வீணைத் தந்தியிலும் இப்படித் துணை அதிர்வுகள் உண்டு. ஆனால் அவை அடிப்படையைப் போல் 2, 3, 4 மடங்கு என்று முழு எண்களில் வருவதால், காது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுரமாகக் கேட்கிறது. வெறும் தோலில் கணக்கு 1.59, 2.14, 2.30 என்று போகிறது. இவை ஒன்றோடொன்று ஒட்டாததால் சத்தம் கேட்கும், சுரம் பிடிபடாது.

மிருதங்கத்தின் வலது பக்கத் தோலான வலந்தலையின் நடுவே கறுப்பாக இருக்கிறதே, கரணை, அதுதான் இந்தக் கணக்கைத் திருத்துகிறது. அடிப்படை அதிர்வில் மிக அதிகம் அசைவது தோலின் நடுப்பகுதி. அங்கே எடையை ஏற்றினால் அந்த அதிர்வு நன்றாக மெதுவாகிவிடும். இரண்டாவது அதிர்விலோ நடுப்புள்ளி அசைவதே இல்லை. அதனால் எடை அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அடிப்படை இறங்க, இரண்டாவது ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, 1.59 என்ற இடைவெளி 2 ஆக விரிகிறது. மற்ற அதிர்வுகளும் இப்படியே 3, 4, 5 என்ற இடங்களுக்கு வந்து சேர்கின்றன.

முதலில் இதை உலகுக்கு விளக்கியவர் சர் சி.வி. ராமன். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு குறிப்பு எழுதினார். 1934-இல் விரிவான கட்டுரை வந்தது. தோலில் நுண்மணலைத் தூவித் தட்டினால், அசையாத கோடுகளில் மணல் போய் ஒதுங்கும். அந்தக் கோலங்களைப் பார்த்து, ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்தே சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்று காட்டினார்.

ஆனால் அதற்குப் பல தலைமுறை முன்பே இதைச் செய்துகாட்டியவர்கள் தோல் வேலை செய்யும் கைவினைஞர்கள். கல்பொடியையும் சோற்றையும் பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்து உலர்த்தி, மறுபடி பூசி, நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிதாகவும் வரும்வரை தட்டித் தட்டிக் கேட்டே சரி பார்க்கிறார்கள். தேய்க்கும்போது விழும் நுண்ணிய வெடிப்புகளால்தான் அந்தப் பூச்சு தோலோடு சேர்ந்து வளைகிறது. கச்சேரி அழைப்பிதழ்களில் இவர்கள் பெயரைப் பார்க்க முடிவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

வாசிப்பவரின் விரலுக்கும் இந்த ரகசியம் தெரியும். ‘நம்’ என்ற சொல்லை, அதாவது அந்த ஒலி தரும் அடியை, வாசிக்கும்போது மோதிர விரல் கரணையின் ஓரத்தை மெல்லத் தொட்டிருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பைத் தட்டும். தொட்ட இடம் அசைய முடியாது. அதனால் அடிப்படை அதிர்வு அடங்கிவிடும். அந்த விரல் வழியாகக் குறுக்கே கோடு போட்டதுபோல் தோல் இரண்டு பாதிகளாகப் பிரிந்து அதிரும். சுத்தமான சுரம் அதிலிருந்து வருகிறது.

இதையெல்லாம் செல்போனில் கேட்டால் போதாதா? வலந்தலைக்கு ஓரளவு போதும். முழு எண் கணக்கு இருப்பதால், சின்ன ஸ்பீக்கரில் விடுபடும் கீழ் ஒலியை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். இடது பக்கத் தொப்பிக்குப் போதாது. ரவையைப் பிசைந்து ஒட்டிய அந்தத் தோலின் கீழ் ஒலிக்கு நிறையக் காற்று அசைய வேண்டும், சின்ன ஸ்பீக்கரால் அது ஆகாது. மணிக்கட்டை அழுத்தி ஒலியை மேலே இழுக்கும் கும்கியை அரங்கின் முன்வரிசையில் கேட்டுப் பாருங்கள், நெஞ்சிலேயே உணரலாம். பத்து மீட்டர் தள்ளி இருந்தால் நேரடி ஒலி ஒரு நொடியில் சுமார் முப்பதில் ஒரு பங்கில் வந்துவிடும். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலிகள் அடுத்தடுத்து வந்து அதோடு சேரும். அந்த நிறைவு மைக் இல்லாத சிறிய கூடத்தில்தான் முழுதாகக் கிடைக்கிறது.

இடையிடையே வித்வான் விளிம்பைக் கல்லால் தட்டிச் சுருதி சரிசெய்வதற்கும் காரணம் உண்டு. ஏசி காற்றில் தோல் உலர்ந்து இறுகும், சுருதி ஏறிவிடும்.

அரையாண்டு விடுமுறையில் வீட்டில் மிருதங்கம் கற்கும் பிள்ளை இருந்தால், ஒருமுறை மோதிர விரலை வைத்தும் ஒருமுறை எடுத்துவிட்டும் ‘நம்’ வாசிக்கச் சொல்லுங்கள். விரலை வைத்தால் எழும் சுரம், எடுத்துவிட்டால் வருவதைவிட மேலே இருக்கும். பக்கத்தில் தம்புரா செயலியை ஓடவிட்டால் இன்னும் எளிதாகப் பிடிபடும்.