பேட்ச்மேட்: ஒரே ஈட்டு இட்லிகள்

சிங்கப்பூர் தேக்கா சந்தையின் உணவங்காடியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன், ஒரு வார்த்தை கேட்காமல் கையை நீட்டி, என் தட்டிலிருந்த சட்னியைத் தன் தோசைத் துண்டால் வழித்துக்கொண்டான். 26 வருடம் கழித்துப் பார்க்கிறோம். சுற்றுலாக் குழுவோடு வந்தவன். வழிகாட்டி எல்லாரையும் முஸ்தபா கடை வாசலில் இறக்கிவிட்டு, ஒன்பது மணிக்கு பஸ் கிளம்பிவிடும் என்று சொல்லியிருந்தாராம். எங்களுக்குக் கிடைத்தது அந்த 2 மணி நேரம்தான். கல்லூரி விடுதியில் எல்லாருக்கும் ஊர்ப்பெயர்தான் பெயர் என்பதால் இவன் இன்றைக்கும் ‘நாமக்கல்’.

மூன்றாவது ஆள் ‘திருச்சி’. இப்போது நியூஜெர்சி. வேலை விஷயமாக வந்தவன், அங்கே கல்லூரியில் படிக்கும் மகளையும் கூட்டி வந்திருந்தான். அவள்தான் கேட்டாள்:

“அப்பா, இவங்க எல்லாம் உங்க ஃபிரட்டர்னிட்டி பிரதர்ஸா?”

“இல்லம்மா, பேட்ச்மேட்ஸ்.”

“அப்படின்னா? தமிழ்ல சொல்லுங்க.”

திருச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு ‘நண்பர்கள்’ என்றான். நாமக்கல் சட்னியிலிருந்து தலையைத் தூக்கினான். “எவன் நண்பன்? நாலு வருஷம் நானும் நீயும் பேசிக்கிட்டதே இல்லையே!”

உண்மைதான். மெஸ் கமிட்டித் தேர்தலில் ஏதோ தகராறு. என்ன தகராறு என்று இருவருக்குமே இப்போது நினைவில்லை. ஆனால் பேட்ச்மேட் என்ற உறவு அதனால் அறுந்துவிடவில்லை, அறுக்கவும் முடியாது. அப்படியானால் நண்பன் வேறு, பேட்ச்மேட் வேறு. அந்தப் பெண்ணுக்கு அன்று சரியாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அவள் சொன்ன சொல். ஃபிரட்டர்னிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொள்ளும் மாணவர் சங்கம். அந்த வகையில் முதலாவதான ஃபை பீட்டா கப்பா 1776 டிசம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. பின்னால் அது நன்றாகப் படிப்பவர்களைச் சிறப்பிக்கும் சங்கமாக மாறிவிட்டது. வீடு, சடங்கு, ரகசியம் என்று நாம் சினிமாவில் பார்க்கும் சங்கங்கள் 19ஆம் நூற்றாண்டில் பெருகியவை. அவற்றில் சேர அழைப்பு வர வேண்டும், கொஞ்ச காலம் பொறுத்திருந்து தேற வேண்டும். தேறிவிட்டால் ஆயுசுக்கும் ‘பிரதர்’. வேர், இலத்தீனின் ஃபிராட்டர். உடன்பிறந்தான் என்று பொருள். அந்த ஃபிராட்டரும் ஆங்கில பிரதரும் சமஸ்கிருத பிராதாவும் இன்னும் பழைய ஒரே வேரின் கிளைகள்.

அதை அப்படியே ‘சகோதரர்’ என்று பெயர்த்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். முடியாது. தமிழில் அண்ணன் இருக்கிறான், தம்பி இருக்கிறான். மூத்தவனா இளையவனா என்று சொல்லாமல் வாய்பேச்சில் புழங்கும் ஒரு சொல் இல்லை. சகோதரன் என்பது ஒரே உதரத்தில், அதாவது ஒரே வயிற்றில், பிறந்தவன். உடன்பிறந்தான் அதற்கு நேர்த்தமிழ். இரண்டுமே விண்ணப்பப் படிவத்துக்கும் மேடைக்கும் உரியவை. ‘உடன்பிறப்பே’ என்று கூப்பிட்டால் கலைஞரின் முரசொலிக் கடிதம்தான் காதில் விழும், விடுதி வராந்தா இல்லை.

அதனால்தான் நம் கல்லூரிகளில் எவனும் எவனையும் பிரதர் என்று கூப்பிடுவதில்லை. மாப்ள, மச்சான், மச்சி. உடன்பிறந்தவனை விட்டுவிட்டு, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் முறையில் போய் நின்றுகொள்கிறோம். இதில் ஒரு சூட்சுமம் இருப்பதாக எனக்குப் படுகிறது. அண்ணன் தம்பி என்றால் மரியாதை உண்டு, பாகப்பிரிவினை உண்டு. பங்காளி என்ற சொல்லே பங்குக்கு உரியவன் என்பதுதான். மச்சானிடம் இரண்டும் கிடையாது. கேலி பேசலாம், வேட்டியை உருவலாம், சட்னியை வழித்துக்கொள்ளலாம். கேட்க நாதியில்லை.

கல்லூரியில் அண்ணன் தம்பி முறையும் இருக்கத்தான் செய்கிறது, ஒரு கோட்டுக்கு மேலும் கீழும். சீனியர் அண்ணா, ஜூனியர் தம்பி. அந்தக் கோடுதான் பேட்ச். முன்பின் தெரியாத ஒருவர் நம் கல்லூரிக்காரர் என்று தெரிந்ததும் முதலில் கேட்பது ‘எந்த பேட்ச்?’ என்றுதான். ஒரு வருடம் முன்னே என்றால் ‘அண்ணா’, ஒரு வருடம் பின்னே என்றால் ‘என்னப்பா’, அதே வருடம் என்றால் அடுத்த வாக்கியத்திலேயே ‘டேய்’. சிங்கப்பூரில் 50 வயதுக்காரர் ஒருவர் 51 வயதுக்காரரை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் பின்னாலேயே நடப்பதைப் பார்த்தால், இந்தக் கணக்குத்தான் காரணம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இனி சொல்லைப் பிரிப்போம். பேட்ச் என்ற ஆங்கிலச் சொல் அடுப்பங்கரையில் பிறந்தது. ரொட்டி சுடுவதைச் சொல்லும் ‘பேக்’ என்ற வினையின் குழந்தை. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பேட்ச் என்றால், அடுப்பில் ஒரே தடவையில் வைத்துச் சுட்டெடுத்த ரொட்டிகள். பிறகுதான் அது ஒரே சமயத்தில் வந்த கடிதங்கள், சரக்குகள், ஆட்கள் என்று விரிந்தது.

இந்த இடத்தில் அகராதியை மூடிவிட்டு அம்மாவிடம் போகலாம். “இன்னும் ஒரு ஈடு இருக்கு, உட்காரு” என்பாள். ஈடு! இட்லிப் பானையில் தட்டுகளை அடுக்கி ஒரு தடவையில் வேகவைத்து எடுப்பது ஓர் ஈடு. எண்ணெய்ச் சட்டியில் ஒரு தடவை பிழிந்து எடுக்கும் முறுக்கும் ஓர் ஈடுதான். பேட்ச் என்ற சொல்லின் பழைய பொருளுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. அங்கே ரொட்டி, இங்கே இட்லி. அங்கே அனல், இங்கே ஆவி. அவ்வளவுதான் வேறுபாடு. கலைச்சொல் பட்டியல்களில் பேட்ச்சுக்குத் தொகுதி, பிரிவு, அணி என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒன்றிலும் சூடு இல்லை.

ஈடு, இடு என்ற வினையிலிருந்து முதலெழுத்து நீண்டு வந்த பெயர். படு, பாடு ஆனதைப் போல. கெடு, கேடு ஆனதைப் போல. இட்டது ஈடு. அதற்கு நிகர் என்ற பொருளும் உண்டு: ஈடு இணை, ஈடுகொடுத்தல். இதுவும் நம் சொல்லுக்குப் பொருந்துகிறது, ஒரே ஈட்டில் மூத்தது இளையது ஏது? அடகு என்ற பொருளும் உண்டு. அமெரிக்கச் சங்கத்தில் சேரக் காத்திருப்பவனைப் ப்ளெட்ஜ் என்பார்கள், அந்தச் சொல்லுக்கும் அடகு என்று ஒரு பொருள் இருக்கிறது. தற்செயல்தான். இதற்கு மேல் இழுத்தால் வேர்ச்சொல் பித்து என்று பெயர் வந்துவிடும்.

ஒரு சின்னச் சிக்கலும் இட்லியால் தெளிகிறது. சிலர் சேர்ந்த வருடத்தை வைத்து 94 பேட்ச் என்கிறார்கள், சிலர் முடித்த வருடத்தை வைத்து 98 பேட்ச் என்கிறார்கள். மாவு ஊற்றிய நேரமா, தட்டை எடுத்த நேரமா? நாங்கள் 94–98 என்று இரண்டையும் போட்டுத் தப்பித்துக்கொள்கிறோம். (எங்களில் நான்கு பேர் 2000 வரை வேகவில்லை. ஆனால் அவர்களும் எங்கள் ஈடுதான். இதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை.)

பாதிதான் ஆயிற்று. மேட் என்ற சொல்லும் சோற்றுச் சொல்தான். பழைய கீழ் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. ஒரே பந்தியில் உணவைப் பகிர்பவன் என்று பொருள். இறைச்சியைக் குறிக்கும் ‘மீட்’ ஒரு காலத்தில் பொதுவாக உணவையே குறித்தது, அதன் உறவு இது. ஆக ஒரே அடுப்பில் வெந்து, ஒரே பந்தியில் உண்டவன் பேட்ச்மேட். மெஸ்ஸும் அப்படியே, பந்தியில் வைக்கப்பட்ட உணவு என்பதுதான் அதன் தொடக்கம். அலும்னியின் இலத்தீன் வேருக்கு ஊட்டி வளர்த்தல் என்று பொருள். ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை அலும்னஸ். நாம் அதை ‘முன்னாள் மாணவர்’ என்று பெயர்த்து, முன்னாள் அமைச்சர் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறோம்.

சரி, ஏற்கெனவே தமிழில் என்ன இருக்கிறது? ஈழத்தமிழர் வாயில் ‘சகபாடி’ இயல்பாக வரும். சேர்ந்து பாடம் படித்தவர் என்ற வடசொல். நல்ல சொல்தான். ஆனால் என் காதில் அது ‘சகலபாடி’ என்றே விழுந்து தொலைக்கிறது, அதாவது மனைவியின் அக்கா அல்லது தங்கை புருஷன்.

சிங்கப்பூரில் ‘கூட்டாளி’ உண்டு. இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் கூட்டாளி, பணி ஓய்வு பெற்றவருக்கும் கூட்டாளி. தமிழ்நாட்டிலோ வியாபாரப் பங்குதாரர் கூட்டாளி, அதைவிட்டால் போலீஸ் தேடும் ஆள்: ‘பிரபல ரவுடியும் கூட்டாளிகளும் கைது’. நான் வந்த புதிதில் உடன் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் ஈசூன் அடுக்குமாடி புளோக்கில் தன் அம்மாவிடம் என்னைக் காட்டி, “இது என் கூட்டாளிம்மா” என்றார். எந்தக் குற்றத்தில் என்று ஒரு நொடி திடுக்கிட்டேன். அந்த அம்மா தே, அதாவது டீ, ஊற்றிக் கொடுத்த பிறகுதான் உயிர் வந்தது. அன்பான சொல். ஆனால் அது நண்பனைக் குறிக்கிறது, நாமக்கல்லும் திருச்சியும் அதற்குள் அடங்கமாட்டார்கள்.

இந்த ஊரில் ரீயூனியன் என்ற சொல்லிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘ரீயூனியன் டின்னர்’ என்றால் இங்கே ஒன்றே ஒன்றுதான், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு குடும்பம் கூடி உண்பது. ஜூலை மாதத்தில் அதைச் சொல்லிச் சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்டேன், மேலதிகாரி நாட்காட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இங்கே புழங்கும் ‘ஒன்றுகூடல்’ எனக்குப் பிடித்த சொல், அதைத் தாராளமாக எழுதலாம்.

இலக்கணப் பக்கம் போனால் புதையல் இருக்கிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம், அதாவது முன்னுரை, பாடிய பனம்பாரனாரை உரைகாரர்கள் தொல்காப்பியரின் ‘ஒருசாலை மாணாக்கர்’ என்பார்கள். அகத்தியரிடம் பயின்ற பன்னிருவரில் இருவர் என்பது மரபு. அந்தப் பன்னிருவரும் ஒரு பேட்ச் என்று வையுங்கள். பவணந்தி முனிவர் நன்னூலில் இதைச் சட்டமாகவே போட்டுவிட்டார். தற்புகழ்ச்சி தகாது, ஆகவே ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டியவர்கள் இன்னின்னார் என்று:

“தன்னா சிரியன் தன்னொடு கற்றோன்
தன்மா ணாக்கன் தகும்உரை காரனென்று
இன்னோர் பாயிரம் இயம்புதல் கடனே”

‘தன்னொடு கற்றோன்.’ ஆசிரியருக்கு அடுத்த இடம், மாணாக்கனுக்கும் முந்தைய இடம். நண்பனுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நண்பன் நம்மைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வான். கூடப் படித்தவனுக்கு நம் இன்டர்னல் மார்க் தெரியும்.

வள்ளுவரும் இந்த வேறுபாட்டுக்குத் துணை வருகிறார். ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான் நட்பாம் கிழமை தரும்.’ ஓரிடத்தில் சேர்ந்திருப்பதும் அடிக்கடி பழகுவதும் நட்புக்குத் தேவையில்லை, உணர்வொன்று போதும் என்கிறார். பரிமேலழகர் இதற்குக் காட்டும் சான்று கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். ஒருவரையொருவர் பார்க்காமலே நட்பானவர்கள். பேட்ச்மேட் அப்படியே தலைகீழ். சேர்ந்திருப்பும் பழக்கமும் மட்டும் கட்டாயம். உணர்ச்சி இருந்தால் லாபம். அது 26 வருடம் கழித்து, தேக்காவில், சட்னி வடிவத்திலும் வரலாம்.

‘ஒருசாலை மாணாக்கர்’ கம்பீரமான தொடர். ஆனால் சாலை என்றால் இன்று ரோடுதான். அழைப்பிதழில் போட்டால், சிராங்கூன் சாலையில் வீடு எடுத்துத் தங்கியிருந்தவர்களா என்று கேட்பார்கள். ஆகவே அழைப்பிதழுக்கும் மலருக்கும் என் பரிந்துரை ‘உடன்பயின்றோர்’. ‘உடன்பிறந்தோர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம், வயதுக் கேள்வி இல்லை, யாருக்கும் விளக்கவும் வேண்டாம். ஆண்டைச் சேர்க்க வேண்டுமானால் ‘94–98 ஈடு’ என்று போட்டுப் பாருங்கள். படிக்கிறவருக்குப் பசிக்கும், அது தவறில்லை.

பேச்சுக்கு ஒரு சொல் வேண்டுமே என்று, அன்று தேக்காவிலேயே ஒன்றைக் கட்டிப் பார்த்தேன். பாடு படுபவன் பாட்டாளி, கூட்டு வைப்பவன் கூட்டாளி. அப்படியானால் ஒரே ஈட்டில் வெந்தவன் ‘ஈட்டாளி’. இலக்கணத்தில் பிழையில்லை. திருச்சி மகளிடம் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவள் கைப்பேசியை எடுத்துக் குறித்துக்கொள்ளப் போய், நிமிர்ந்தாள்.

“இத்தாலியா?”

மணி எட்டு ஐம்பது. நாமக்கல் கையைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு எழுந்துவிட்டான்.

“இல்ல அம்மிணி, இட்லி.”