தூங்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்: வறண்ட தோட்டத்தின் குளிர்காலம்

இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்து வைக்கும் சதைப்பற்றுச் செடிகள் காய்ந்து சாவது அபூர்வம். பெரும்பாலானவை பூவாளியால்தான் சாகின்றன, அதுவும் குளிர்காலத்தில். கோடையில் நான்கு நாளில் உலர்ந்த அதே தொட்டி இப்போது இரண்டு வாரமானாலும் உள்ளே ஈரமாக இருக்கும். மேல்மண் மட்டும் காய்ந்து வெளுத்திருப்பதைப் பார்த்து ஏமாந்துபோகிறோம்.

இலை சுருங்கினால் தாகம் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பொறி. மண் உலர்ந்திருந்து, இலை மெலிந்து, தொட்டால் தோல்போலத் துவண்டால் அது தாகம். ஊற்றிய சில நாட்களில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் இலை சுருங்குகிறதா? வேர் அழுகி, நீரை உறிஞ்ச ஆளில்லை என்று அர்த்தம். அங்கே இன்னொரு குவளை ஊற்றினால் கதை முடிந்தது. அடியிலைகள் மஞ்சளாகி, கண்ணாடிபோல ஊடுருவித் தெரிந்து, தொட்டதும் உதிர்வதும் அழுகலின் அடையாளமே. உதிர்ந்த இலை காய்ந்த சருகாக இருந்தால் பயம் வேண்டாம், அது வயதான இலை.

ஆகவே நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். மெல்லிய மரக்குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். மண் ஒட்டியிருந்தாலோ குச்சி குளிர்ச்சியாக இருந்தாலோ இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். ஊற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், அடித்துளை வழியே வடியும்வரை காலையில் ஊற்றி, கால் மணி நேரத்தில் அடித்தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

எந்தச் செடி விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பது அதைவிட முக்கியம். அடீனியம் குளிரில் இலை உதிர்த்து உறங்கும். முழுவதும் மொட்டையான செடிக்கு நீரே தேவையில்லை, 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் இரவுகளில் உள்ளே எடுத்து வைத்தால் போதும். பெரும்பாலான கள்ளிகளும் அப்படித்தான். ஏயோனியமோ நேர்மாறு: கோடையில் உறங்கி, குளிர்ந்த நாட்களில் வளரும். ஹவொர்தியாவும் குளிர்ந்த, மிதமான நாட்களையே விரும்பும். நடுவில் பிளந்த கூழாங்கல்போலத் தோன்றும், ஒரு சோடி இலை மட்டுமே கொண்ட லித்தாப்ஸ் தனி ரகம். பிளவில் புது இலைச்சோடி எட்டிப்பார்க்கும் காலத்தில் அது பழைய இலைகளின் நீரைக் குடித்து வளர்கிறது. அவை காகிதம்போல வற்றும்வரை ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் இரண்டு சோடியும் உப்பி, வெடித்து அழுகும். உறங்கும் செடிக்கு உரமும் வேண்டாம்.

இவற்றில் பலவும் இரவில்தான் மூச்சு விடுகின்றன. பகலில் இலைத்துளைகளை மூடி நீரைக் காத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை அமிலமாகச் சேமிக்கும். அதனால்தான் ரணகள்ளி இலை காலையில் புளிக்கும், மாலையில் புளிப்பு குறையும். பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் இதை மென்று பார்த்தே கண்டுகொண்டு 1813-இல் லண்டனின் இயற்கையியல் அமைப்பான லினேயன் சங்கத்துக்கு எழுதினார். நமக்கு இதில் உள்ள பாடம், இந்தச் செடிகள் மண்ணிலிருந்து நீரை மிக மெதுவாகவே எடுக்கும் என்பது. எனவே மிச்ச ஈரத்தை வெளியேற்றும் வேலையை மண்கலவைதான் செய்ய வேண்டும்.

கலவை: 2 முதல் 5 மில்லிமீட்டர் பருமனுள்ள கரடுமுரடான மணல் இரண்டு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெண்ணிற எரிமலைக் கல் துகள்) அல்லது உடைத்த செங்கல் ஒரு பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு. செங்கல் தூளைச் சலித்து எறிந்துவிடுங்கள். அந்தத் தூள்தான் இடைவெளிகளை அடைத்துச் சேறாக்கும். நைசான மணலும் அதையே செய்யும். அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்பது விடாப்பிடியாக நிற்கும் தவறான நம்பிக்கை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல் இடைவெளிக்கு நீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே ஈர அடுக்காகத் தேங்கி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளையில் ஒரு வலைத்துண்டு போதும். செடியைவிட இரண்டு விரல் அளவு கூடுதல் அகலமுள்ள மண் தொட்டி நல்லது, பக்கவாட்டிலும் உலரும்.

இனி பூ. கலாஞ்சோவை வாங்கியபோது பூத்தது, பிறகு இலை மட்டுமே வருகிறது என்றால் உரம் தேடாதீர்கள். அதற்கு வேண்டியது இருட்டு. நாள்தோறும் 14 மணி நேரம் இடைவிடாத இருள், தொடர்ந்து ஆறு வாரம். பகலில் நல்ல வெளிச்சம். இயற்கையான நீண்ட இரவை வாசல் விளக்கோ தெருவிளக்கோ கெடுத்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் மாலை ஐந்து மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை ஏழுக்கு எடுங்கள். நடுவில் சில நாள் மறந்தால் மொட்டுக் கட்டுவது தடைப்படும். பாயின்செட்டியாவுக்கும் இதே இருட்டுதான், இன்னும் சில வாரம் கூடுதலாக.

கிறிஸ்துமஸ் கள்ளியும் இருளுக்குப் பூக்கும். ஆனால் இரவு 10 முதல் 13 டிகிரி வரை குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் மொட்டு வைக்கும். இது பாலைவனக் கள்ளி அல்ல. மரக்கிளையில் ஒட்டி வாழும் காட்டுச் செடி, நேர்வெயிலில் சிவந்து வாடும். மொட்டு வந்தபின் மண்ணை முழுக்கக் காயவிட்டாலோ இடம் மாற்றினாலோ மொட்டுகள் உதிரலாம். ஜேட் செடி பூக்க, சில ஆண்டு முதிர்ச்சியும் நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் வேண்டும். சின்னக் கன்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒருபருவப் பூக்களில் வறண்ட தோட்டத்துக்கு ஏற்றவை காலண்டுலா, நாஸ்டர்டியம், கசானியா. நாஸ்டர்டியம் விதையை ஓர் இரவு ஊறவைத்து 2 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். மண்ணில் உரம் கூடினால் தழையாக மண்டும், பூ குறையும். கஞ்சத்தனம் பலன் தரும் செடி அது! காலண்டுலாவில் வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் தொடர்ந்து பூக்கும். இவற்றைச் சதைப்பற்றுச் செடிகளோடு ஒரே பாத்தியில் நட வேண்டாம். ஒன்றின் தேவைக்கு ஊற்றினால் மற்றது அழுகும். பூப்பாத்திக்கு 5 சென்டிமீட்டர் சருகு மூடாக்கு போடலாம். சதைப்பற்றுச் செடியின் தண்டைச் சுற்றிச் சரளைக்கல்தான்.

மாவுப்பூச்சி இலையிடுக்கில் பஞ்சுபோல ஒளியும். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் தொட்டு எடுங்கள், வாரம் ஒருமுறை என மூன்று நான்கு முறை. வேப்பெண்ணெய்க் கரைசலை அவசரப்பட்டுத் தெளிக்காதீர்கள்: எச்செவேரியாவின் வெண்பூச்சு அழிந்துவிடும், ஜேட் இலைகள் கருகக்கூடும்.

அழுகிய செடியையும் சிலசமயம் மீட்கலாம். தண்டின் குறுக்குவெட்டில் பழுப்பு வளையமே தெரியாத இடம்வரை, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துத் துடைத்து வெட்டுங்கள். நுனியை நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் வைத்து, வெட்டுவாய் காய்ந்து மூடியபின் உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீர். பால் வடியும் கள்ளியானால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும்.