ஃப்ரீ டிஷ் பெட்டியில் ரெக்கார்டிங்: ஓகே அழுத்துவதற்கு முன்

ஐப்பசி பிறந்துவிட்டால் திருநெல்வேலி வட்டாரத்தில் டிஷ் மாட்டும் எங்களிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "அண்ணாச்சி, திருச்செந்தூர் சூரசம்ஹாரம் டிவில வரும்போது நம்ம பெட்டியிலயே பிடிச்சு வைக்க முடியுமா?" முடியும். ஃப்ரீ டிஷ்ஷுக்காக வாங்கிய செட்டாப் பாக்ஸில் பென்டிரைவ் செருக இடம் இருந்து, ரிமோட்டில் சிவப்புப் புள்ளி போட்ட பட்டனும் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். தனிக் கருவி வேண்டாம், மாதக் கட்டணமும் இல்லை. ஆனால் இதே வசதியால் வீட்டு போட்டோக்கள் அழிந்துபோவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். உவரி, கூத்தங்குழி பக்கம் உயரமாக ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாகினி பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. "அந்தப் பழைய ஆன்டெனாவை இந்த டிஜிட்டல் பெட்டியில் மாட்டினால் படம் வருமா?" என்று கேட்கிறார்கள். வராது. தூர்தர்ஷன் தன் அனலாக் தரைவழி ஒளிபரப்பை 2022 மார்ச்சுக்குள் ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிட்டது. நமக்கு இப்போது இலவசமாக வருவது 2004 டிசம்பரில் தொடங்கிய செயற்கைக்கோள் சேவை. அதன் இன்றைய பெயர்தான் டிடி ஃப்ரீ டிஷ். அதை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கும் தெற்கும் கலந்த திசையில், ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதனால் பாபநாசத்தில் மலையடியில் வீடு இருந்தாலும் மேற்கே நிற்கும் மலை மறைக்காது. அந்த மலையின் பெயரைத் தாங்கியிருந்த பொதிகை சேனல் 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் அதில் மனக்குறைதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முக்கூடல் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டுத் தாத்தா வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். அவர்கள் குழுவின் நிகழ்ச்சி டிவியில் வருகிறது என்றதும், மருமகள் கைக்குக் கிடைத்த பென்டிரைவைப் பெட்டியில் செருகி சிவப்பு பட்டனை அழுத்தியிருக்கிறார். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டிருக்கிறது. நிகழ்ச்சி தொடங்கிவிட்ட பதற்றத்தில் ஓகே கொடுத்துவிட்டார். பெட்டி கேட்டது "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று, அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிடட்டுமா என்று. அந்தப் பென்டிரைவில்தான் பேத்தியின் காதுகுத்துப் படங்கள் மொத்தமும் இருந்தன.

பெட்டி ஏன் அப்படிக் கேட்கிறது? கம்ப்யூட்டரில் பென்டிரைவை என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் என்ற முறைகளில் ஃபார்மட் செய்து வைத்திருப்போம். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றுக்கும் எழுதத் தெரிந்தது ஃபேட்32 என்ற முறை ஒன்றுதான். தனக்குப் புரியாத பென்டிரைவைக் கண்டதும் அதைத் துடைத்துத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. உள்ளே இருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது.

இப்படி நடந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பென்டிரைவை உடனே கழற்றிவிடுங்கள், அதில் மேற்கொண்டு எதையும் ஏற்றாதீர்கள். பொதுவாகப் பெட்டி செய்யும் ஃபார்மட்டில் அழிவது கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணை மட்டும்தான். படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், அவற்றின் மேல் வேறு ஒன்று எழுதப்படும் வரை. முக்கூடல் வீட்டில் அரை மணி நேரம் ரெக்கார்டிங் ஓடியிருந்தது. அதாவது ஏறக்குறைய 700 எம்பி மேலே எழுதப்பட்டுவிட்டது. முதலில் அந்த வில்லுப்பாட்டைத் தனியாகக் காப்பி செய்துகொண்டேன். பிறகு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டபோது பெரும்பாலான படங்கள் திரும்பின. பெயரெல்லாம் போய் வெறும் எண்களாகத்தான் வந்தன. மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து எடுத்த படங்கள் மட்டும் வரவே இல்லை. ரெக்கார்டிங் விழுந்த இடம் அது. அந்தப் பெண் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது மனசு கனத்துப்போனது.

ஆகவே, ரெக்கார்டிங்குக்கென்று தனியாக ஒரு காலி பென்டிரைவ் வாங்கி, மேலே "டிவி" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். 32 ஜிபி தாராளம். சாதாரண எஸ்டி சேனல் மணிக்கு ஒன்றரை ஜிபிக்குள்தான் பிடிக்கும், எச்டி என்றால் அதைப் போல் இரண்டு பங்குக்கும் மேலே. ஃபேட்32-வில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் நீண்ட நிகழ்ச்சியைப் பெட்டி துண்டு துண்டாக எழுதும். அது பழுது இல்லை. திருவிழாக் கடையில் அடிமாட்டு விலைக்கு 1 டிபி என்று விற்பதை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே சில ஜிபிதான் இருக்கும். அது நிறைந்ததும் அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் வீண். பெரிய ஹார்டு டிஸ்க் மாட்டி அது டிக் டிக் என்று சத்தம் போட்டால், பெட்டி தரும் மின்சாரம் அதற்குப் போதாமல் இருக்கலாம்.

டைமர் வைத்தும் ரெக்கார்டு ஆகவில்லை என்று வரும் புகார்களில் பாதி, சுவர் சுவிட்சோடு முடிந்துவிடும். ரிமோட்டில் அணைத்தால் பெட்டி ஸ்டான்ட்பையில் விழித்திருக்கும். சுவரில் அணைத்தால் டைமரும் சேர்ந்து செத்துவிடும். இன்னொன்று மணி. கோளிலிருந்து வருவது உலகப் பொது நேரம். பெட்டியில் நேர மண்டலம் +5:30 என்று இல்லாவிட்டால், நீங்கள் மாலை 4:30-க்கு வைத்த டைமர் இரவு 10 மணிக்குத்தான் ஓடும். பெட்டியை ரீசெட் செய்த பிறகு இது அடிக்கடி நடக்கிறது. பெட்டி காட்டும் மணியையும் உங்கள் போன் மணியையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சூரசம்ஹாரம் வருவதே வடகிழக்குப் பருவமழை நேரம். நம் டிஷ்ஷுக்கு வரும் கேயூ அலைவரிசையை அடைமழை விழுங்கிவிடும். படம் உறைந்து நின்றால் ரெக்கார்டிங்கிலும் அப்படியே பதியும், சில பெட்டிகள் பதிவையே நிறுத்திவிடும். 60 செ.மீ. டிஷ்ஷுக்குப் பதில் 90 செ.மீ. மாட்டினால் பரப்பு இரண்டேகால் மடங்கு, சாதாரண மழையைத் தாங்கும். பணகுடி, வள்ளியூர் பக்கம் ஆடிக் காற்றில் டிஷ் லேசாகத் திரும்பியிருக்கும். வெயில் நாளில் தெரியாத அந்தக் குறை முதல் மழையில் தெரியும். புரட்டாசியிலேயே போல்ட்டை முறுக்கிவிடுங்கள். இடி மின்னல் என்றால் ரெக்கார்டிங்கை மறந்துவிட்டு, இடி நெருங்கும் முன்பே பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

கட்டண டிடிஎச், கேபிள் பெட்டிகளில் பிடித்தது பெரும்பாலும் அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். பெட்டி மாறினால் போச்சு. ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டில்லாத சேனலைப் பிடித்தால் அந்தத் தொல்லை குறைவு. கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயர் பெரும்பாலும் அதை அப்படியே ஓட்டும். அன்றைக்கே கம்ப்யூட்டருக்கு ஒரு பிரதி, வேறொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பெட்டியோடு கிடக்கும் பென்டிரைவில் அடுத்த முறை யார் ஓகே அழுத்துவார்கள் என்று சொல்ல முடியாது.

சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, சொந்த உபயோகத்துக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்வதை மீறலாகக் கருதுவதில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் அனுமதி இல்லாமல் யூடியூபில் ஏற்றுவதும் காப்பி போட்டு விற்பதும் அந்த விலக்கில் வராது. ஒளிபரப்பியவருக்கு அந்த உரிமை 25 ஆண்டுகள் இருக்கிறது. சாமி நிகழ்ச்சி என்றாலும் இதேதான்.