பேணுநர்: 'பராமரிப்பாளர்' என்று எழுதுவோர் கவனத்துக்கு

பராமரிப்புப் பணி காரணமாகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை என்ற அறிவிப்பைச் சேலத்தில் படிக்காதவர் இல்லை. லிஃப்டுக்குப் பராமரிப்பு உண்டு, பூங்காவுக்குப் பராமரிப்பாளர் உண்டு, ஏற்காடு மலைப்பாதைக்கும் பராமரிப்பு உண்டு. இப்போது பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை இரவு பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் எழுந்து புரட்டிப் படுக்கவைக்கும் மருமகளையும் 'பராமரிப்பாளர்' என்றே கையேடுகள் எழுதுகின்றன. கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைப்பவர்கள் 'ஊதியமற்ற குடும்பப் பராமரிப்பாளர்' என்கிறார்கள். மருத்துவமனை அறிவிப்புப் பலகை, பயிற்சித் துண்டுப்பிரசுரம், அரசு விண்ணப்பம் என எங்கும் இதுதான். இந்தச் சொல் தவறு, இதனால் நடைமுறையில் கேடும் உண்டு என்பதே இங்கே சொல்ல வருவது.

முதலில் மூலச்சொல். ஆங்கிலத்தில் 'கேரர்' என்று பிரிட்டனிலும் 'கேர்கிவர்' என்று அமெரிக்காவிலும் வழங்குகிறார்கள். 'கேர்' என்பதன் பழைய பொருள் கவலை, துயரம். பிறகு அது அக்கறையாகி, பார்த்துக்கொள்வதாகி, இன்று நோயாளிக்கோ முதியவருக்கோ மாற்றுத்திறனாளிக்கோ அன்றாடம் உடலுதவி செய்பவரைக் குறிக்கிறது. கூலி வாங்குபவர், வாங்காதவர் இருவரும் இதில் அடக்கம். மூலச்சொல் பற்றித் தெரியவேண்டியது இவ்வளவே.

'பராமரி' என்பதை வடமொழிப் 'பராமர்ச'த்தோடு சேர்த்துச் சொல்வார்கள். தொட்டுப் பார்த்தல், ஆராய்தல் என்பது அதன் பொருள். தெலுங்கில் இன்றும் 'பராமர்சிஞ்சு' என்றால் நோயுற்றவரையோ துக்க வீட்டாரையோ போய் விசாரித்து ஆறுதல் சொல்வது. தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைந்த சேலத்தில் இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து விசாரித்துவிட்டுப் போகிறவர் செய்வது ஒன்று, அவர் போன பிறகு மூத்திரப் பையைக் காலிசெய்து அளவு குறித்து வைப்பவர் செய்வது வேறு. இரண்டாமவரின் வேலைக்கு முதலாமவரின் சொல்லை வைத்திருக்கிறோம்.

வடசொல் என்பதற்காக மட்டும் இதைத் தள்ளச் சொல்லவில்லை. தமிழில் வேரூன்றி நன்றாகப் பொருள் தரும் வடசொற்கள் எத்தனையோ உண்டு. பெரிய சிக்கல் சட்டத்தில்தான் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. அதில் 'பராமரிப்பு' என்று தமிழில் எழுதப்படுவது மெயின்டனன்ஸ். நடைமுறையில் அது தீர்ப்பாயம் கட்டச் சொல்லும் மாதப் பணம். உச்சவரம்பு 10,000 ரூபாய். ஆகவே வெளியூரில் இருந்துகொண்டு மாதம் ஐந்தாயிரம் அனுப்பும் மகன் 'பராமரிக்கிறான்'. அம்மாப்பேட்டையில் தறியை நிறுத்திவிட்டு அம்மாவுக்கு மலம் துடைக்கும் மகள், பணம் எதுவும் கொடுக்காததால், அந்த நடைமுறைக் கணக்கில் எதையும் செய்யவில்லை. குடும்பத்தில் சொத்துப் பேச்சு வரும்போது 'நான்தானே பராமரித்தேன்' என்று இரண்டு பேரும் சொல்வார்கள். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்வதால் எந்த வாதம் எடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான உதவியிலும் இதே குழப்பம். கடும் பாதிப்புடையவருக்கு மாநில அரசு மாதந்தோறும் தருவது 'பராமரிப்பு உதவித்தொகை'. அது பாதிக்கப்பட்டவருக்கு உரியது, அவர் பெயரில் வருவது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதிலிருந்து தனியாக, மிகுந்த துணை தேவைப்படுவோருக்குக் கேர்கிவர் படித்தொகை பற்றி 24ஆம் பிரிவில் பேசுகிறது. தமிழில் இரண்டும் 'பராமரிப்பு' ஆகிவிட்டால், 'அதுதான் ஏற்கெனவே வாங்குகிறீர்களே' என்ற பதில் எளிதாகக் கிடைத்துவிடுகிறது.

'பாதுகாவலர்' என்பது இன்னும் மோசம். அது கார்டியனுக்கு உரிய சொல். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பின் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிப்பது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. அதற்கு விண்ணப்பமும் விசாரணையும் ஆணையும் வேண்டும். பதினெட்டு ஆண்டுகள் பிள்ளையைத் தூக்கிச் சுமந்த தாய் 'நான்தான் பாதுகாவலர்' என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்த ஆணை எங்கே என்று வங்கியில் கேட்பார்கள். கையேடு அவரைப் பாதுகாவலர் என்று அழைத்ததால் வந்த ஏமாற்றம் அது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இல், நோயாளி சார்பில் முடிவெடுக்க உதவும் நியமனப் பிரதிநிதிக்கு ஒரு வரிசை இருக்கிறது. நோயாளி யாரையும் முன்கூட்டி நியமிக்காவிட்டால் உறவினர் ஒரு படி, கேர்கிவர் அதற்கடுத்த படி. மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் 'பாதுகாவலர்/பராமரிப்பாளர்' என்று சாய்கோடு போட்டு எழுதினால் அந்த வரிசையே அழிந்துவிடும். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே கேர் 'பராமரிப்பு' ஆகிவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

மற்றச் சொற்களைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. 'காப்பாளர்' விடுதிக்குப் போய்விட்டது. 'கவனிப்பாளர்' என்றால், 'கவனித்துவிட்டால் வேலை முடியும்' என்று பேசும் ஊரில் வேறு நினைவு வரும். 'செவிலியர்' படித்துப் பதிவு பெற்றவர். அந்தப் பெயரை மற்றவருக்குக் கொடுப்பது அவர்களுக்கும் நீதியாகாது. வார்டுகளில் வழங்கும் 'அட்டெண்டர்' அலுவலகத்தில் கோப்பு தூக்குபவரின் பதவிப்பெயர். 'பேஷண்ட் அட்டெண்டர் யாருங்க, இந்த மருந்தை வாங்கிட்டு வாங்க' என்று கூப்பிடும்போது அந்த மதிப்பீடும் கூடவே வருகிறது.

சரியான சொல் பேணுநர். வேலை பேணல், அல்லது பேணுகை. 'பேணு' என்பதில் போற்றுதல், உபசரித்தல், காத்தல், மதித்தல் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. 'பெரியாரைப் பேணித் தமராக் கொளல்' என்ற குறள் (443) பள்ளியிலேயே படித்தது. உடல்நலம் பேணுதல், பெற்றோரைப் பேணுதல் என்று இன்றும் வழக்கில் இருக்கிறது. ஒருவரும் மின்மாற்றியைப் பேணுவதில்லை. 'நர்' விகுதியும் புதிதல்ல. அனுப்புநர், பெறுநர், ஓட்டுநர், இயக்குநர் என்று கடிதம் எழுதத் தெரிந்த எல்லோருக்கும் பழக்கம். றன்னகரம் போட்டுப் 'பேணுனர்' என்று எழுதிவிடக் கூடாது, 'ஓட்டுனர்' என்று பேருந்திலேயே எழுதி வைத்திருப்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இதைவிடப் பழைய சொல் ஒன்றும் உண்டு. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் (950) நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக 'உழைச்செல்வான்' என்று ஒருவரைச் சொல்கிறது. உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து செய்பவர். நோயாளியிடம் அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறன், அறிவு ஆகிய நான்கும் அவருக்கு வேண்டும் என்று பரிமேலழகர் உரை விரிக்கிறது. மருத்துவத்தின் நான்கில் ஒரு பங்கு என்று அவ்வளவு பழைய நூல் கணக்கிட்ட ஆளைத்தான் இன்று 'கூட வந்தவர்' என்கிறோம். 'உழையர்' என்பதை மீட்கலாமே என்றால், அதற்கு ஏவலாளர் என்ற பொருளும் உண்டு. பேச்சில் யாருக்கும் விளங்கவும் செய்யாது. பேணுநரே போதும். வீட்டில் பேசும்போது 'பாத்துக்கறவங்க' என்பதில் ஒரு குறையும் இல்லை. எழுத்துக்கும் விண்ணப்பத்துக்கும் ஒரு சொல் வேண்டும் என்பதற்காகவே இந்தப் பேச்சு.

'பராமரி' பொருந்தாது என்பதை வேலையைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். படுத்தே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் போட்டால் இடுப்பெலும்பின் முனை அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை சாய்வில் வைக்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை, குதிகால் மெத்தையில் படாதிருக்க. தோள்பிடித்து இழுத்தால் தோல் உரியும். மடித்த விரிப்பை அடியில் போட்டு இருவராகத் தூக்கி நகர்த்த வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது என்பதால் சூடு, கடினம், கூடுதல் கருமை இவற்றைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தை எண்ணெய் விட்டுத் தேய்ப்பது பெரும் தவறு. பக்கவாதக்காரருக்குச் சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும்.

மூக்குக் குழாய் இருந்தால் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்த்திய பிறகே உணவு. குழாயில் போட்ட குறி மூக்கு விளிம்பில் அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் எதுவும் விடக் கூடாது. மருத்துவர் வேறு அளவு சொல்லாதவரை 200 மி.லி. போல, அழுத்தாமல், தானாக இறங்கும்படி. முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். பிறகு ஒரு மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. சேலத்தில் கைக்குக் கிடைப்பது ஜவ்வரிசி என்பதால் அந்தக் கஞ்சியைக் குழாயில் விடுகிறவர்கள் உண்டு. ஆறினால் பசையாகிக் குழாயை அடைக்கும், மாவுச்சத்தைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மாத்திரைகளை ஒன்றாகப் பொடிக்காமல் தனித்தனியாக நுணுக்கிக் கரைக்க வேண்டும். மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடிக்கவே கூடாது.

சேர்வராயன் மலை ஊர்களில் இதோடு இன்னும் சில. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் நோயாளியைக் கீழே கொண்டுவரும் நாளில் குழாய் உணவைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி நுரையீரலுக்குப் போகும். வண்டியில் மூத்திரப் பையை மடியில் வைத்தால் திரும்ப ஏறும். இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். மார்கழிக் குளிருக்கு உணர்ச்சியற்ற காலடியில் வெந்நீர்ப் பை வைத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கம்பளிக் காலுறையே போதும்.

இவ்வளவையும் செய்பவரிடம் விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற இடத்துக்கு வந்ததும் 'சும்மா வீட்டில்தான்' என்று எழுத வைக்கிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுவேலை மட்டும் செய்பவர் வேலை செய்யாதோர் பட்டியலில் வருவார். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், குடும்பத்தினரைக் கூலியின்றிப் பேணும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடங்களும் ஆண்கள் 76 நிமிடங்களும் செலவிட்டதாக வந்தது. சேலத்துத் தறி வீடுகளில் தார் சுற்றும் (ஊடைநூல் சுற்றும்) வேலைக்குத் தனிக் கூலி இல்லை, அது புடவைக் கூலிக்குள் அடங்கிவிடும். தார் சுற்றிய பெண் பேணலுக்குப் போன பிறகு வெளியாள் வைக்கும்போதுதான் அதற்கு விலை தெரிகிறது. பேணலுக்கோ வெளியாள் வைத்துப் பார்க்கும் வசதியே பெரும்பாலான வீடுகளுக்கு இல்லாததால், அதன் விலை தெரியாமலே போகிறது.

ஆகவே 'ஊதியமற்ற' என்பதையும் மாற்றவேண்டும். உப்பற்ற, ஒலியற்ற என்பதுபோல அது அந்த ஆளின் இயல்பைச் சொல்கிறது. 'கூலி பெறாப் பேணுநர்' என்றால் பெறவேண்டியது வரவில்லை என்பதாவது தெரியும். 'தியாகம்', 'தெய்வத் தாய்' என்று அலங்கரிக்கும் மொழிபெயர்ப்புகள் இன்னும் கெடுதல். தியாகம் என்று சொன்ன பிறகு யாரும் கூலியைப் பற்றியோ ஓய்வைப் பற்றியோ பேச முடியாது. குடும்பத் தலைவிகளுக்கு மாதந்தோறும் பணம் தர 2023 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்துக்கு உதவித்தொகை என்று வைக்காமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். சொல் எடையறிந்து வைத்த பெயர் அது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறை. 'ரெஸ்பைட் கேர்' என்பதை 'ஓய்வுப் பராமரிப்பு' என்கிறார்கள். பணி ஓய்வு பெற்றவருக்கான ஏதோ திட்டம் என்று படிக்கிறவர் கடந்துபோகிறார். பேணுநருக்குச் சில மணி நேரமோ சில நாளோ விடுப்பு தர வேறொருவர் வந்து பார்ப்பது அது. 'மாத்திவிட ஆள் இல்லை' என்று மில் வேலைக்காரர் சொல்வார், நோயாளி வீட்டுப் பெண்ணும் சொல்வார். அதிலிருந்தே 'மாற்றுப் பேணல்', 'மாற்றுப் பேணுநர்' என்று எடுக்கலாம். 'பர்ன்அவுட்' என்பதை 'எரிந்துபோதல்' என்று எழுதுகிறார்கள். மனம் சலித்து, உடல் தளர்ந்து, கோபம் வந்து, உடனே அதற்காக அழுதுவிடும் நிலைக்குத் தமிழில் 'ஓய்ந்துபோதல்' என்று நல்ல சொல் இருக்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தருகிறது. வருகிறவர்கள் பேசுவது பேணுநரிடம்தான். ஆகவே நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் 'உறவினர்/பாதுகாவலர்' என்று ஒரே வரி இருப்பது போதாது. பேணுநர் பெயர் என்று ஒரு வரி, மாற்றுப் பேணுநர் பெயர் என்று ஒரு வரி, சட்டப்பூர்வப் பாதுகாவலர் இருந்தால் ஆணை எண்ணோடு தனி வரி. அதன் கீழே எத்தனை மணிக்கொரு முறை பக்கம் மாற்றுவது, குழாய் எந்த அளவில் நிற்கிறது, அடுத்த குழாய் மாற்றம் எந்தத் தேதி என்பவை தமிழில் எழுதப்பட்டுப் பேணுநர் கையில் தரப்பட வேண்டும்.